உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஊசி ரத்தத்தில் இரட்டையரின் குரோமோசோம் ஜாதகம்!

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் டி.என்.ஏ. அம்மாவின் கை ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது! இரட்டையர் என்றால் இருவருடையதும் ஒன்றாகக் கலந்து ஓடுகிறது!

எடுப்பது 10 மில்லி ரத்தம். இரண்டே டீஸ்பூன்! அதுவும் அம்மாவின் முழங்கை மடிப்பிலிருந்து. குழந்தைகள் இருக்கும் பக்கமே ஊசி போவதில்லை!

இந்தச் சோதனைக்கு என்.ஐ.பி.டி. என்று பெயர். கர்ப்பம் 10 வாரத்தைத் தொட்டால் போதும், எடுத்துவிடலாம். குழந்தை உதைப்பது அம்மாவுக்குத் தெரிய அதற்கப்புறம் சுமார் இரண்டு மாதம் ஆகும்!

முக்கியமாகத் தேடுவது மூன்று குரோமோசோம்களை. 21, 18, 13. ஒவ்வொன்றும் இரண்டுதான் இருக்க வேண்டும். 21 மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். 18 மூன்றாக இருந்தால் எட்வர்ட்ஸ். 13 என்றால் படாவ். மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழாய் ரத்தம்!

நூடுல்ஸில் பிறந்த சோதனை!

டென்னிஸ் லோ. ஹாங்காங்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து அம்மாக்களின் ரத்தத்தில் குழந்தையின் செல்களைத் தேடினார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. 8 வருஷம்! செல்கள் மிக மிக அரிதாகத்தான் கிடைத்தன.

1996ல் அவர் கண்ணில் ஒரு செய்தி பட்டது. புற்றுநோய்க் கட்டிகள் தங்கள் டி.என்.ஏ.வை ரத்தத்தில் கலக்கின்றனவாம். கட்டி கலக்கும் என்றால் குழந்தை கலக்காதா? இதுதான் அவர் கேட்ட கேள்வி. அவ்வளவுதான்!

பிளாஸ்மா என்ற ரத்தத் திரவத்திலிருந்து டி.என்.ஏ.வை எப்படி எடுப்பது? இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் செய்யும் ஞாபகம் வந்தது அவருக்கு. பிளாஸ்மாவை 5 நிமிடம் கொதிக்கவைத்தார். அந்தச் 'சூப்'பில் 10 மைக்ரோலிட்டர் எடுத்துப் பார்த்தார். ஆண் குழந்தையின் ஒய் குரோமோசோம் மாட்டிக்கொண்டது!

ஆண் குழந்தையைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரின் பிளாஸ்மாவில் ஒய் தெரிந்தது. பெண் குழந்தையைச் சுமந்த 13 பேரில்? பூஜ்யம்! 1997ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது இந்தக் கணக்கு.

ரத்தத்தில் செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. மிதக்கிறது என்று பிரான்ஸில் மாண்டெல், மெட்டாய் என்ற இருவர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எப்போது? 1948ல்! டி.என்.ஏ. முறுக்கேணி வடிவம் என்று உலகத்துக்குத் தெரிவதற்கு 5 வருஷம் முன்பே!

2009. லோ தியேட்டரில் ஹாரி பாட்டர் படம் பார்க்கிறார். முப்பரிமாணப் படம். ஆங்கிலத் தலைப்பின் முதல் எழுத்தான 'எச்' அவரை நோக்கிப் பறந்து வருகிறது. அதன் இரண்டு கால்களும் அவர் கண்ணுக்கு ஒரு ஜோடி குரோமோசோம்களாகத் தெரிகின்றன! கருவின் முழு ஜீனோமையும் அம்மாவின் ரத்தத்திலிருந்து கோக்கும் வழி அங்கேயே பளிச்சிட்டது. அடுத்த ஆண்டே ஆய்வுக் கட்டுரை!

2022ல் அவருக்கு லாஸ்கர் விருது. கொதித்த பிளாஸ்மாவுக்குக் கிடைத்த மரியாதை!

பெயர் குழந்தையுடையது, சரக்கு வேறிடத்தது!

'குழந்தையின் டி.என்.ஏ.' என்கிறோமே, அது உண்மையில் குழந்தையின் உடம்பிலிருந்து வருவதே இல்லை எனலாம். வருவது நஞ்சுக்கொடியிலிருந்து!

இதனால் ஒரு விபரீதமும் உண்டு. நஞ்சுக்கொடியில் கூடுதல் குரோமோசோம் இருக்கும், குழந்தையிடம் இருக்காது! நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கும் கர்ப்பங்களில் 100க்கு 1 அல்லது 2ல் இப்படி ஒரு குழப்பம் தென்படுகிறது!

ரத்தத்தில் மிதக்கும் துண்டுகள் மகா குட்டி. அம்மாவுடையது பெரும்பாலும் 166 எழுத்து நீளம். குழந்தையுடையது அதையும்விடக் குட்டை, சுமார் 143! முழு ஜீனோமோ 300 கோடி எழுத்து!

பிரசவம் முடிந்ததும் அந்த டி.என்.ஏ. என்ன ஆகும்? 1999ல் அளந்து பார்த்தார்கள். சராசரியாக 16 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரைகிறது! இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான தாய்மாரிடம் தடயமே இல்லை!

கோடியில் 3,900!

அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் 100க்கு சுமார் 10தான் குழந்தையுடையவை. மீதி 90ம் அம்மாவுடையவை!

ஒரு கோடி துண்டுகளை எண்ணினால் 21ஆம் குரோமோசோமின் பங்கு தோராயமாக 1,30,000. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 1,36,500. கோடியில் வெறும் 6,500 கூடுதல். அதையும் கம்ப்யூட்டர் பிடித்துவிடுகிறது!

இனி இரட்டையருக்கு வாருங்கள். இரண்டு குழந்தை என்றால் டி.என்.ஏ.வும் இரட்டிப்பாகும் என்றுதானே நினைப்பீர்கள்? ஆகாது! மொத்தம் கொஞ்சம் கூடும். ஆளுக்கு வரும் பங்கோ குறைந்துவிடும்!

ஆளுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் டவுன் சிண்ட்ரோம். இப்போது கூடுதலாக நிற்கும் துண்டுகள் கோடிக்கு வெறும் 3,900!

இருவரும் சமமாகவாவது கொடுக்கிறார்களா? அதுவும் இல்லை. ஒருவரின் பங்கு மற்றவருடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குகூட இருக்கலாம்! வயிற்றுக்குள்ளேயே தாராளம், சிக்கனம்!

பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல லேப்கள் கையை விரித்துவிடும். 'ரிசல்ட் இல்லை, மறுபடி ரத்தம் கொடுங்கள்!'

இப்படிக் கையை விரிப்பது எத்தனை முறை? லண்டன் மருத்துவர்கள் 2019ல் கணக்குப் போட்டார்கள். ஒற்றைக் குழந்தையில் 3.4 சதவீதம். தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள இரட்டையரில் 11.3 சதவீதம்! ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் 4.9தான்!

அம்மாவின் எடை கூடக் கூடக் குழந்தையின் பங்கு குறையும்! வாரம் கூடக் கூடப் பங்கு ஏறும்!

ஆனாலும் பிடித்துவிடுகிறது!

2012ல் ஒரு சின்ன ஆய்வு. 25 இரட்டைக் கர்ப்பங்கள், அவற்றோடு மும்மையர் கர்ப்பம் இரண்டு. கூடுதல் குரோமோசோம் இருந்தவை 8. ரத்தச் சோதனை பிடித்தவை? 8க்கு 8!

2019ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இரட்டையரில் டவுன் சிண்ட்ரோமைப் பிடிக்கும் திறன் 98.2 சதவீதம்! வீண் அலாரம் 0.05 சதவீதம். அதாவது 2,000 கர்ப்பத்துக்கு ஒன்று!

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2021ல் இந்தச் சோதனையைத் தன் திட்டத்தில் சேர்த்தது. இரட்டையருக்கும் சேர்த்தே!

2022ல் அமெரிக்க மருத்துவ மரபியல் நிபுணர்களின் அமைப்பு அடித்துச் சொல்லிவிட்டது. இரட்டையருக்கும் பழைய ரத்தச் சோதனைகளைவிட இதுவே மேல்!

பெல்ஜியத்தில் 2017 ஜூலை முதல் இதற்குக் காப்பீடு. கர்ப்பிணி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது அப்போது அதிகபட்சம் 8.68 யூரோ!

'யாருக்கு?' என்று கேட்காதீர்கள்!

இரட்டையருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. இருவரில் யாருக்கு? சோதனைக்குத் தெரியாது! இரண்டு பேரின் டி.என்.ஏ.வும் ஒரே குழாயில் கலந்து கிடக்கிறதே!

அங்கேதான் என்.டி. ஸ்கேன் கைகொடுக்கிறது. பிடரியில் தேங்கும் நீரை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அளக்கலாம். அப்போது குழந்தையின் நீளம் என்ன தெரியுமா? 45 முதல் 84 மில்லிமீட்டர்!

என்.ஐ.பி.டி. சல்லடைதான், தீர்ப்பு அல்ல! உறுதி செய்யப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்தே ஆகவேண்டும். பனிக்குட நீர் என்றால், இரட்டையர் தனித்தனிப் பனிக்குடத்தில் இருக்கும்போது பொதுவாக ஊசி இரண்டு!

ஒரே பனிக்குடத்தில் இரண்டு முறை குத்திவிட்டால்? அதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் முதல் குடத்துக்குள் நீலச் சாயம் விட்டார்கள். இரண்டாவது ஊசியில் நீலம் வந்தால் தப்பான குடம்! மெத்திலின் ப்ளூ என்ற அந்தச் சாயம் சில குழந்தைகளின் குடலையே அடைத்துவிடுகிறது என்று பின்னால்தான் தெரிந்தது. உடனே தூக்கி எறிந்தார்கள்!

ஒய் தெரிந்தால் இரட்டையரில் ஒரு பையனாவது உண்டு. ஒய் இல்லையென்றால் இரண்டும் பெண்! ஆனால் இந்தியாவில் ரிப்போர்ட்டில் அது வராது. குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது!

ஒரே அச்சா, வேறு வேறா?

ஒரே கரு பிளந்து பிறக்கும் இரட்டையருக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதான் என்று நம்பினீர்களா? மூன்றில் ஒரு ஜோடிக்கு இரண்டு! முதல் மூன்று நாளுக்குள் கரு பிளந்துவிட்டால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி!

நான்கு முதல் எட்டு நாளுக்குள் பிளந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. எட்டு நாள் தாண்டினால் பனிக்குடமும் ஒன்று. பதின்மூன்று நாளையும் தாண்டினால் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர்! எல்லாம் சில நாள் வித்தியாசம்!

ஒரு கருவா இரு கருவா என்பதைப் பிறப்பதற்கு முன்பே அம்மாவின் ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் சோதனை 2017ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது! அதுவும் குழந்தைகளைத் தொடாமலேயே!

ஒரு கரு இரட்டையர் என்றால் கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் இருவருக்கும் இருக்கும், இல்லையேல் இருவருக்கும் இருக்காது. இங்கே 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த அதிசயம் அதில்தான் இருக்கிறது!

ஒரு கரு இரட்டையர். ஒருவர் ஆண், மற்றவர் பெண் தோற்றம்! 1961லேயே பாரிஸில் பதிவாகிவிட்டது. அந்தப் பெண் குழந்தையின் செல்கள் ஒய்யைத் தொலைத்துவிட்டிருந்தன. மிஞ்சியது ஒற்றை எக்ஸ்! சொன்னவர்களில் ஒருவர் ஜெரோம் லெஜுன். 1959ல் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதல் குரோமோசோம் என்று அறிவித்த அதே குழுவைச் சேர்ந்தவர்!

ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் டவுன் சிண்ட்ரோம்! இப்படியும் ஒரு ஜோடி உண்டு. மற்ற மரபணுக்கள் எல்லாம் ஒன்றே, வித்தியாசம் ஒரே ஒரு குரோமோசோம். ஆய்வாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2014ல் 'நேச்சர்' இதழில் இடம்பிடித்தது அந்த ஜோடி!

அம்மா வழியில் 100 சதவீதம் ஒன்று. அப்பா வழியில் 78 சதவீதம் மட்டும் ஒன்று. முழுசாக ஒரு கருவும் இல்லை, இரு கருவும் இல்லை! ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்த இந்த அபூர்வ ஜோடியை 2019ல் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். ஒரே சினைமுட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்ததாம்! உலகில் இப்படிப் பதிவானது இது இரண்டாவது ஜோடி!

ஆறாவது வார ஸ்கேனில் அவர்கள் ஒரே அச்சு. பதினான்காவது வார ஸ்கேனில் ஒரு பையன், ஒரு பெண்! டாக்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

காணாமல் போனவரின் கையெழுத்து!

இரட்டையராகத் தொடங்கிய கர்ப்பம், சத்தமில்லாமல் ஒற்றையாகிவிடுவது உண்டு. ஒரு கரு வளராமல் நின்று, கரைந்தே போய்விடும். ஆனால் அதன் நஞ்சுக்கொடி வாரக்கணக்கில் டி.என்.ஏ.வை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்!

விளைவு? வயிற்றில் இருப்பது பெண், ரத்தத்தில் தெரிவது ஒய்! வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ரிசல்ட் 'பாசிட்டிவ்'! எல்லாம் மறைந்துபோன உடன்பிறப்பின் வேலை!

அமெரிக்காவில் 30,795 மாதிரிகளை அலசியபோது 130ல் கணக்கில் வராத கூடுதல் டி.என்.ஏ. தெரிந்தது. பலவற்றில் காரணம், யாரும் கவனிக்காத இரட்டையர், அல்லது கரைந்துபோன இரட்டையர்!

அம்மாவின் ரகசியமும் வெளியே வரும்!

2015ல் 1,25,426 கர்ப்பிணிகளின் மாதிரிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். குழந்தைக்குக் குரோமோசோம் சிக்கல் என்று காட்டிய சில ரிசல்ட்டுகளில் குழந்தை நலம். அம்மாவுக்குத்தான் புற்றுநோய்! மொத்தம் 10 பேர்!

2024ல் இன்னும் பெரிய அதிர்ச்சி. விசித்திரமான ரிசல்ட் வந்த 107 பெண்களை அமெரிக்காவில் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். 52 பேருக்குப் புற்றுநோய்! கிட்டத்தட்ட இருவரில் ஒருவர்!

ஓர் ஆணிடமிருந்து சிறுநீரக தானம் பெற்ற கர்ப்பிணியா? பெண் குழந்தையைச் சுமந்தாலும் ரத்தத்தில் ஒய் தெரியும்! அந்த ஒய் சிறுநீரகத்துடையது!

டி.என்.ஏ. சில மணி நேரத்தில் போய்விடும் என்றோம். குழந்தையின் செல்கள் அப்படி இல்லை! மகனைப் பெற்று 27 வருஷம் கழித்தும் ஒரு தாயின் ரத்தத்தில் அவன் செல்கள் கிடைத்தன. 1996ல் இதைச் சொன்னவர் டயானா பியாஞ்சி!

இறந்த பெண்களின் மூளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2012ல் வந்தது. 59 பேர். அவர்களில் 63 சதவீதத்தினரின் மூளையில் ஆண் டி.என்.ஏ.! பெரும்பாலும் அவர்கள் சுமந்த மகன்களுடையதாக இருக்கலாம் என்பது ஊகம். அவர்களில் மூத்தவருக்கு வயது 94!

சும்மா கொறிக்கக் கொஞ்சம்!

மனிதனுக்கு 48 குரோமோசோம்கள். இப்படித்தான் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லின. 1956ல் ஸ்வீடனில் சியோ, லெவான் இருவரும் சரியாக எண்ணினார்கள். 46! அதுவரை எல்லாரும் இரண்டைக் கூட்டி எண்ணியிருக்கிறார்கள்!

குரோமோசோம்களுக்குப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எண் கொடுத்தார்கள். கடைசி எண் 22. ஆனால் உண்மையில் மிகச் சிறியது 21! எண் கொடுத்தபோது தவறிவிட்டது. மாற்றவே இல்லை!

உலக டவுன் சிண்ட்ரோம் நாள் மார்ச் 21. ஏன் அந்தத் தேதி? 21ஆம் குரோமோசோம் மூன்று. அதனால் மூன்றாம் மாதம் 21!

25 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1,250ல் ஒன்று. 40 வயதில் 100ல் ஒன்று!

உலகில் ஆண்டுதோறும் பிறக்கும் இரட்டையர் சுமார் 16 லட்சம் ஜோடி! பிறக்கும் 42 குழந்தைகளில் ஒருவர் இரட்டையரில் ஒருவர்!

இதையும் கேட்டுவிடுங்கள். சீனாவில் என்.ஐ.பி.டி.க்காகக் கொடுத்த ரத்தத்தின் தரவுகளை 2018ல் மொத்தமாகக் குவித்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரின் ஜீனோமிலும் பத்தில் ஒரு பங்குகூடப் படித்திருக்கவில்லை. அப்படியும் ஒரு மரபணு சிக்கியது. பெயர் என்.ஆர்.ஜி.1. அதன் தொடர்பு எதனோடு? இரட்டையரைக் கருத்தரிப்பதோடு! டவுன் சிண்ட்ரோமைத் தேடிக் கொடுத்த ரத்தம், இரட்டையருக்கே ஒரு துப்புக் கொடுத்துவிட்டது! அந்தத் துப்புக்குத் துணைநின்ற கர்ப்பிணிகள் எத்தனை பேர் தெரியுமா? 1,41,431 பேர்!